விரல் போனால் விதி என்பதா?

தாராபுரம் சாலையில் ஒரு திருமண மண்டபம். சீர்திருத்தத் திருமணம். புரோகிதரும் இல்லை, புகைமூட்டமும் இல்லை. வாழ்த்துரைகள் முடிந்து பந்தி விரித்தார்கள். எல்லோரும் அமர்ந்தனர். ஒருவர் மட்டும் தூணோரம் நின்றார். பனியன் கம்பெனியிலே இருபது ஆண்டுகள் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். கழகத்தின் கொடி பிடித்தவர்.

"வாங்க தோழர், உட்காருங்க" என்றேன்.

"நீங்க சாப்பிடுங்க. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கறனுங்க" என்றார். வலக்கையைத் துண்டுக்குள் மறைத்திருந்தார்.

பிறகுதான் அறிந்தேன். துணி வெட்டும் கத்தி, விரல்களை மடக்கும் தசைநாண்களை அறுத்துவிட்டதாம். மருத்துவர் தைத்தார், புண் ஆறிற்று, கை மிஞ்சியது. ஆனால் விரல்கள் விறைத்தன. சோறு பிசைய வரவில்லை. ஆயிரமாயிரம் பேருக்கு ஆடை வெட்டித் தந்த கை, தன் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டமுடியாத கையாயிற்று! "தலையெழுத்துங்க" என்றார். பெரியாரின் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஊரிலே, கழகத் தோழர் வாயிலே, தலையெழுத்து!

அருகில் நின்ற அவர் மகள், பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவள், என்னிடம் கேட்டாள்: "அண்ணா, விண்ணப்பத்துல நர்சிங், பிசியோதெரபிக்குப் பக்கத்துல ஆக்குபேஷனல் தெரபின்னு ஒண்ணு போட்டிருக்குதுங்களே, அது என்ன படிப்புங்க?"

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளைப் போன்ற தங்கைகள் அவிநாசியிலும் பல்லடத்திலும் காங்கேயத்திலும் இருக்கிறார்கள் அல்லவா?

தொழில்வழி மருத்துவம் என்று அதனைச் சொல்லலாம். அறுவை மருத்துவர் அறுந்ததைச் சேர்க்கிறார். இயன்முறை மருத்துவர் தசைக்கு வலுவூட்டி மூட்டை அசைய வைக்கிறார். தொழில்வழி மருத்துவரோ, "இந்தக் கையால் நீ என்ன செய்யவேண்டும்?" என்று கேட்கிறார். உண்ணவேண்டுமா, உடுத்தவேண்டுமா, தலை வாரவேண்டுமா, தையல் இயந்திரத்தில் அமரவேண்டுமா? அந்தச் செயலையே மருந்தாக்கித் தருகிறார். செய்ய முடியாததைச் செய்யப் புது வழி காட்டுகிறார்.

தைத்த தசைநாண் விந்தையானது. அசைக்காமலே வைத்தால் சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும். ஆகவே கைக்கேற்ற தாங்கியைச் செய்து மாட்டி, நாளொன்றுக்கு இத்தனை முறை, இவ்வளவு தூரம் என்று அளந்து அசைக்கவேண்டும். பளு தூக்கும் வலிமை திரும்பச் சற்றேறக்குறைய 12 வாரங்கள் ஆகும். அந்த வாரங்களிலே வழிகாட்ட ஒருவர் இருந்தால் கை மீளும். இல்லையேல்? தூணோரம் நிற்கவேண்டியதுதான்!

சட்டம் என்ன செய்கிறது? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விரலுக்கு ஓர் அட்டவணை வகுத்தது. பெருவிரல் போனால் சம்பாதிக்கும் ஆற்றலில் 30 விழுக்காடு இழப்பு. சுட்டுவிரல் முழுதும் போனால் 14. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. இழப்பீடு வேண்டும், போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் போன 30-க்குக் கணக்குப் போட்ட உலகம், மிஞ்சிய 70-ஐ உழைக்க வைப்பது எப்படி என்று எண்ணிப் பார்த்ததா?

எண்ணினார்கள் சிலர். அமெரிக்காவிலே ஜார்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர், இடப்பக்கம் செயலிழந்த நிலையிலே, செயலால் தம்மையே தேற்றிக்கொண்டவர். 1917-இல் அவரும் தோழர்களும் கூடி இந்தத் துறைக்கென ஒரு சங்கம் கண்டனர். முதல் உலகப் போரில் முடமான வீரர்கள் இத்துறையால் எழுந்தனர். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர், 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையிலே இதற்கொரு பள்ளி தொடங்கினார். 1952-இல் உலகக் கூட்டமைப்பு அமைந்தபோது, அதை நிறுவிய நாடுகளின் வரிசையிலே இந்தியாவும் இருந்தது.

நம் வேலூருக்கு வருவோம். தொழுநோயை முன்வினைப் பயன் என்றார்கள் சனாதனிகள். கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்ட், நரம்பு செத்ததால்தான் கை மடங்குகிறது என்று கண்டு, 1940-களின் இறுதியிலே மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு போனவன் திரும்பி வந்து முறையிட்டான்: கோணல் கைக்குப் பிச்சை கிடைத்தது, நேர்க்கைக்கு அதுவும் இல்லை, வேலையும் இல்லை! கையைத் திருத்தினால் போதாது, கைக்குத் தொழிலும் தரவேண்டும் என்று உணர்ந்து பட்டறை அமைத்தார்கள். அங்கே பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். விதியே என்று படுத்தாரா? சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார்; அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்றார்; 1966-இல் வேலூரிலே மறுவாழ்வு நிலையம் எழக் காரணமானார்.

இன்னொன்றும் நினைவூட்டுவேன். 1953-இல் ஆச்சாரியார், பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்றார். குலக்கல்வி அது! நாடு கொதித்தெழுந்தது, 1954-இல் அது குழிக்குள் போயிற்று. அன்று 'தொழில்' என்ற சொல்லைக் காட்டி நம் பிள்ளைகளை முடக்கப் பார்த்தார்கள். இன்று அதே 'தொழில்' என்ற சொல், முடங்கியவனை எழுப்பும் மருத்துவத்தின் பெயராக நிற்கிறது. அதைக் கட்டிங் மாஸ்டரின் மகள் கற்பதைவிடப் பொருத்தமான பழிவாங்கல் வேறு உண்டா?

பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவர் இதிலே சேரலாம். நான்காண்டுப் பாடம், அதன்பின் மருத்துவமனைப் பயிற்சி. உடற்கூறும் உளவியலும் கற்கவேண்டும். தாங்கி செய்யும் கைத்திறனும் வேண்டும். கை முறிந்தவர் மட்டுமா? பக்கவாதத்தில் விழுந்தவர், மனநோயால் வாடுவோர், ஆட்டிசம் உடைய குழந்தைகள், எல்லோருக்கும் இவர்கள் வேண்டும். 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இத்துறையினருக்கு நாடளாவிய அங்கீகாரமும் தந்திருக்கிறது.

"நாலு வருசமுங்களா? செக்கிங்குக்குப் போனா சனிக்கிழமை சம்பளமுங்க" என்றார் தந்தை. அவரைக் குறை சொல்லமாட்டேன். ஒன்றரை ஷிப்ட் உழைத்துக் கஞ்சி குடித்த வீட்டின் கணக்கு அது. ஆனால் அந்தக் கணக்கை மாற்றுவது அரசின் கடன்.

ஆகவே கேட்கிறேன். 2022-இல் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியிலே, குறைந்த கட்டணத்தில் இந்தப் படிப்புக்கு இடம் வேண்டும். பனியன் தொழிலாளி செல்லும் ஒவ்வொரு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் தொழில்வழி மருத்துவர் வேண்டும். வெட்டு மேசையிலே இரும்பு வளையக் கையுறையைக் கட்டாயமாக்கவேண்டும். எம்.பி.பி.எஸ். வாசலில் நிற்கும் நீட் என்னும் சுவர், இந்த வாசலில் நிற்கவே கூடாது!

அந்தத் தோழரின் கை முழுதும் மீளும் என்று நான் பொய்யுரைக்கவில்லை. காலம் கடந்துவிட்டது. ஆனால் தடித்த பிடி வைத்த கரண்டியும் பொத்தான் மாட்டும் கொக்கியும் உண்டு என்றேன். நிமிர்ந்து பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "என்ன அம்மிணி, படிக்கிறயா?" என்றார்.

அவள் படிக்கட்டும்! நாளை இன்னொரு திருமணம் வரும், பந்தி விரிப்பார்கள். அன்று அந்தத் தூணோரம் ஒருவரும் நிற்கக்கூடாது.