தோப்பூரிலிருந்து ஒரு சைக்கிள் தூரம்

உங்கள் வீட்டுச் சாய்ப்பில் ஒரு சின்னச் சைக்கிள் சும்மா நிற்கிறதா, சகோதரியே?

சற்று நினைத்துப் பாருங்கள். உங்கள் மகள் அதில்தான் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போய் வந்தாள். உம்மாவுக்குச் சீனி வேண்டுமென்றால் அதில்தான் கடைக்குப் பறந்தாள். ஒருநாள் அவள் பெரிய பிள்ளையானாள். அத்தோடு சைக்கிள் தம்பிக்குப் போய்விட்டது. யாரும் ஏசவில்லை, யாரும் அடிக்கவில்லை. “இனி எதற்கு?” என்ற ஒரே கேள்வியோடு எல்லாம் முடிந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் உங்களை இன்று தோப்பூருக்கு அழைக்கிறேன்.

ஆறு போட்ட சமவெளி

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூர்ப் பக்கத்தில் இருக்கிறது தோப்பூர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். சுற்றிலும் வயல். வயலைத் தாண்டினால் தமிழ்க் கிராமங்கள், சிங்களக் கிராமங்கள், பிறகு மறுபடியும் வயல்.

335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கடலோடு சேரும் பூமி இது. அதன் ஒரு கிளை வெருகல் ஆறாகப் பிரிந்து தனியே கடலுக்குப் போகிறது. ஆறு கொண்டுவந்த வண்டலால் ஆன நிலம் என்பதால் இங்கே ஏற்றமும் இறக்கமும் அதிகமில்லை. மலைநாட்டில் சைக்கிள் மிதிப்பவருக்கு மூச்சு வாங்கும். இங்கே அந்தக் கஷ்டம் இல்லை. காற்று ஒன்றுதான் எதிரி!

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் முகம் எரியும். ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி மழை. மழை ஓய்ந்து, பெரும்போக வயல் விளைந்து நிற்கும் மாசி, பங்குனி மாதங்களே இந்தச் சுற்றுக்கு ஏற்றவை. சுப்ஹுத் தொழுது, நன்றாக வெளிச்சம் வந்தபின் புறப்பட்டால் லுஹருக்கு முன் வீடு திரும்பிவிடலாம்.

முதல் பாதை: மூதூர்

தோப்பூரிலிருந்து மூதூருக்கு மெதுவாக மிதித்தாலும் ஒரு மணித்தியாலம் போதும். வயல் ஓரமாகப் போய்க் கடற்கரையில் முடியும் பாதை. குடாவின் மறுகரையில் திருகோணமலை தெரியும்.

இந்தக் குடாவுக்கு 1659ஆம் ஆண்டு ஓர் ஆங்கிலக் கப்பல் வந்தது. புயலில் பாய்மரம் இழந்து, பழுது பார்க்க ஒதுங்கிய கப்பல் அது. பெயர் ‘ஆன்’. கண்டி மன்னன் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்கள் 1660இல் கப்பல் தலைவரையும் அவருடைய மகனையும் மற்றும் பலரையும் சிறைப்பிடித்தார்கள். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர்: ரொபேட் நொக்ஸ். மகனுக்கு அப்போது வயது 19. தந்தை மறுவருடமே காய்ச்சலில் இறந்தார். மகனோ கண்டி இராச்சியத்தில் மொத்தம் 19 ஆண்டுகளுக்கு மேல் கைதியாக வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடன் கொடுத்து வாங்கியும் பிழைத்தார். 1679இல் தப்பி மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் அவர் எழுதி வெளியிட்ட நூல்தான், அக்கால இலங்கை மக்களின் அன்றாட வாழ்வை நமக்குக் காட்டும் முக்கியமான சான்று.

அவர்கள் பிடிபட்டது மூதூரில் ஒரு புளியமரத்தடியில் என்பது வழிவழி வந்த செய்தி. 1893இல் அங்கே ஒரு நினைவுக்கல்லும் நாட்டினார்கள். பரீட்சைக்காக உங்கள் பிள்ளை மனப்பாடம் செய்யும் சரித்திரம், வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் இருக்கிறது. அதை அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டாமா?

இரண்டாம் பாதை: அல்லையும் சேருவிலவும்

மற்றொரு காலையில் தெற்கே திரும்புங்கள். வாய்க்காலும் வரம்புமாக அல்லைக் குளத்தின் பக்கம் பாதை போகும். கொக்கும் நாரையும் வயலில் நிற்கும். வழியில் சட்டித் தயிர் கண்டால் விட்டுவிடாதீர்கள்!

அப்பால் சேருவில. துட்டகைமுனு மன்னனின் தந்தை காவன்தீசன், கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் அங்கே பௌத்த தாதுகோபம் கட்டினான் என்பது மரபு. காடு மூடிக்கிடந்த அந்த இடம் 1920களில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டது. கிளிவெட்டி வழியாகத் திரும்பினால் பழந்தமிழ்க் கிராமங்கள் வரும். அருகிலுள்ள கங்குவேலிப் பக்கத்துச் சிவன் கோயிலைப் பற்றித் திருக்கரைசைப் புராணம் என்ற தனி நூலே உண்டு.

பிறர் வழிபடும் இடங்களைப் பிள்ளைகளுக்கு மரியாதையோடு காட்டுங்கள். மூன்று சமூகமும் ஒரே வாய்க்கால் தண்ணீரைக் குடித்து வாழும் பூமி என்பது அப்போதுதான் அவர்களுக்கு விளங்கும்.

அந்தத் தண்ணீரின் அருமையை இந்த மண் கண்ணீரோடு அறிந்தது. 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டு, சுமார் 15,000 குடும்பங்களுக்கு நீர் நின்றது. போர் மூண்டது. ஆகஸ்டில் மூதூர், தோப்பூர்ப் பக்கத்து முஸ்லிம்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்கு ஓடினார்கள். தமிழ்க் குடும்பங்கள் வாகரைப் பக்கம் போய் அகதிகளாயின. அன்று பயந்து நடந்தவர்களின் மக்கள், இன்று அதே பக்கத்துப் பாதைகளில் மணியடித்துக்கொண்டு போவது சின்னக் காரியமா? ஒரு பாதையை அச்சத்தால் மட்டும் அறிந்திருப்பது வேறு. ஆசையோடு அறிந்திருப்பது வேறு.

“பெண் பிள்ளைக்கு எதற்கு?”

இப்போது நம் கேள்விக்கு வருவோம்.

தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்தில், 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இதற்குப் பெருந்துணையாக நின்றார். இலட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். ஆரம்பத்தில் கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் தண்ணீர் எடுக்கவும், விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு போகவும் பஸ்ஸுக்காகக் காத்திருந்த பெண்களுக்கு அந்தக் கேலி பெரிதாகப் படவில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் உள்ள பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டாம்!

நம் ஊர் அனுபவமும் இருக்கிறது. 2022இல் இலங்கையில் பெற்றோல் இல்லாமற்போன மாதங்களை யார் மறப்பார்? மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. வரிசையில் நின்று நின்று ஆண்கள் களைத்தார்கள். சைக்கிள் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. பாடசாலைக்கும், வைத்தியரிடமும், கடைக்கும் யாருடைய தயவும் இல்லாமல் போக முடிந்தவர், சைக்கிள் வைத்திருந்து ஓட்டத் தெரிந்தவரே.

உங்கள் மகளுக்கு ஓடத் தெரிந்த கால்களை நீங்களே கட்டி வைத்துவிட்டு, அவசரத்தில் “உனக்கு ஒன்றும் தெரியாது” என்று கடிந்து கொள்ளலாமா?

ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கம் எனக்கும் தெரியும். அதனால்தான் குடும்பமாகப் போங்கள் என்கிறேன். வாப்பா முன்னால், பிள்ளைகள் நடுவில், நீங்கள் பின்னால். ஒரு வெள்ளிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை போதும். மூன்று முறை பார்த்த ஊர், நான்காம் முறை திரும்பிப் பார்க்காது.

புறப்படும் முன்

* அபாயாவும் துப்பட்டாவும் சில்லில் சிக்காமல் இருக்கச் செயின் கவரும், பின்சில்லுக்கு வலையும் அவசியம். ஓரத்தை ஒரு கிளிப்பால் இறுக்கிக் கொள்ளுங்கள்.
* பிரேக், காற்று இரண்டையும் முதல் நாளே பாருங்கள். சிறு பம்பும் ஒட்டுப் போடும் சாமானும் கூடவே இருக்கட்டும்.
* போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று பாதையைத் தெரிந்தெடுங்கள். களைத்த பிள்ளைக்குத் திரும்பும் வழி இலகுவாக இருக்கும்.
* சேருவில, வெருகல் பக்கங்களில் காட்டு யானை உண்டு. விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் அங்கே போக வேண்டாம். அன்றைய நிலைமையை ஊர்க்காரரிடம் விசாரியுங்கள்.
* பெரிய வீதியில் பஸ்ஸும் லொறியும் வேகமாக வரும். ஒருவர் பின் ஒருவராகவே செல்லுங்கள்.
* ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர், சிறிது பேரீச்சம்பழம் போதும்.

சாய்ப்பில் நிற்கும் அந்தச் சைக்கிளை நாளைக்கு வெளியே எடுங்கள், சகோதரியே. தூசியைத் துடைத்து, ஆசனத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். மகள் வளர்ந்துவிட்டாள் அல்லவா? அவள் “எங்கே போகிறோம் உம்மா?” என்று கேட்பாள்.

“நம் ஊரைப் பார்க்க” என்று சொல்லுங்கள்.