கைக்கு ஏற்ற ஷார்ட்கட்

ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் டெஸ்ட் பெஞ்சுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொரு பெஞ்சுக்கும் பின்னால் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் உண்டு. மவுஸ் இல்லை, ஐகான் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையை அடித்து என்டர் தட்டினால்தான் வேலை நடக்கும். சில கட்டளைகள் இரண்டு வரி நீளும். லைன் நின்றிருக்கும் நேரத்தில், நடுவில் விழுந்த ஓர் எழுத்துப்பிழைக்காக இடது அம்புக்குறியை அழுத்திப் பிடித்தபடி நிற்பது பெரிய கொடுமை.

மணிமங்கலத்தில் எங்கள் மாடி போர்ஷனில் டிப்ளமோ முடித்த பையன்கள் குடியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் டிரெய்னிகள். லீவு நாளில் லேப்டாப்போடு கீழே வருவார்கள். ஒருவன் கேட்டான்: “அண்ணா, நீங்க அம்புக்குறியைத் தொடவே மாட்டேங்கறீங்களே, எப்படி?”

நான் டைப்ரைட்டிங் லோயர் எழுதியவன். இடது சுண்டுவிரல் ‘ஏ’ மேல் இருக்க வேண்டும், கை அந்த வரிசையை விட்டு நகரக்கூடாது என்பது அங்கே படிந்த பழக்கம். கண்ட்ரோலோடு ஏ அழுத்தினால் வரியின் தொடக்கம், ஈ அழுத்தினால் முடிவு. ஆல்ட்டோடு பி ஒரு சொல் பின்னே, எஃப் ஒரு சொல் முன்னே. எனக்கு மிகவும் பிடித்தது யூவும் ஒய்யும். நீளக் கட்டளையை அடித்து முடிக்கும்போது, டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கத் தோன்றும். கண்ட்ரோல் யூ, அடித்ததெல்லாம் மறையும். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு கண்ட்ரோல் ஒய் அழுத்தினால் மறைந்த வரி அப்படியே திரும்பும்.

இதையெல்லாம் செய்வது ரீட்லைன் என்ற சிறு மென்பொருள். 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியிட்ட ‘பேஷ்’ என்ற கட்டளை ஓட்டுநருடன் பிறந்தது. பல ஆண்டுகளாக அதைப் பராமரித்து வருபவர் செட் ரேமி. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கட்டளைத் திரையும் பெரும்பாலும் இதையே பயன்படுத்துவதால், ஒரு முறை பழகிய விரல் அங்கேயும் உதவும்.

இந்த விசைகளை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாத சேதி. வீட்டு அடைவில் ‘இன்புட்ஆர்சி’ என்ற பெயரில் ஒரு கோப்பு, பெயருக்கு முன் ஒரு புள்ளி. அதில் ஒரு வரிக்கு ஒரு விசை, எதிரில் அது செய்ய வேண்டிய வேலை. என் கோப்பில் முதல் இரண்டு வரிகள் மேல், கீழ் அம்புக்குறிகளுக்கு. சாதாரணமாக மேல் அம்பு முந்தைய கட்டளைகளை வரிசையாகக் காட்டும். அதை ‘ஹிஸ்டரி சர்ச் பேக்வர்ட்’ என்று மாற்றிவிட்டேன். இப்போது முதல் நான்கெழுத்தை அடித்துவிட்டு மேல் அம்பைத் தொட்டால், அந்த எழுத்துகளில் தொடங்கிய பழைய கட்டளைகள் மட்டும் வரும். அம்புக்குறிக்கு என் கை போவது இதற்கு மட்டும்தான். இந்த ஒன்றைச் செய்தாலே போதும் என்பேன். பேஷ் தானாக நினைவில் வைப்பது 500 கட்டளைகள்தான். அந்த எண்ணையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். டெர்மினலுக்கு விசை தெரியாது, எண்தான் தெரியும். கண்ட்ரோல் ஏ என்றால் 1, கண்ட்ரோல் ஈ என்றால் 5, எழுத்து வரிசைப்படி. அதனால் கண்ட்ரோல் ஐ 9 ஆகிறது. டேப் விசையும் அதே 9. கண்ட்ரோல் எம் 13, என்டரும் 13. பெரும்பாலான டெர்மினல்களில் இவற்றைப் பிரித்து வேறு வேலை கொடுக்க முடியாது. அம்புக்குறியோ எஸ்கேப்பில் தொடங்கி மூன்று குறிகளை அனுப்பும். எந்த விசை என்ன அனுப்புகிறது என்று பார்க்க, கண்ட்ரோல் வி அழுத்திவிட்டு அந்த விசையைத் தட்டினால் திரையிலேயே தெரியும். கோப்பைத் திருத்திய பின் கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் ஆர் என்று அடுத்தடுத்து அழுத்தினால் மாற்றம் உடனே அமலுக்கு வரும்.

டிரெய்னிகளை அதிகம் பயமுறுத்துவது கண்ட்ரோல் எஸ். சேவ் செய்யும் பழக்கத்தில் அழுத்துவார்கள், திரை உறைந்துவிடும், “அண்ணா, ஹேங் ஆயிடுச்சு” என்று பவர் பட்டனுக்குக் கை போகும். டெலிபிரின்டர் காலத்து ‘நிறுத்து’ சமிக்ஞை அது. கண்ட்ரோல் க்யூ அழுத்தினால் மறுபடி ஓடும்.

கண்ட்ரோல் விசை ஏன் இவ்வளவு கீழே கிடக்கிறது என்றும் கேட்கிறார்கள். 1976-இல் பில் ஜாய் வீஐ எடிட்டரை எழுதிய ஏடிஎம் 3ஏ டெர்மினலில் அது ‘ஏ’வுக்குப் பக்கத்திலேயே இருந்தது, இன்று அங்கே கேப்ஸ் லாக். அதையே கண்ட்ரோலாக மாற்றிக்கொண்டதில் என் மணிக்கட்டு வலி குறைந்தது.

ஆனால் இதெல்லாம் சொந்த லேப்டாப்பில். லைன் கம்ப்யூட்டரில் மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே லாகின். அங்கே என் கைக்கு வசதி என்று விசையை மாற்றினால் நைட் ஷிஃப்ட் ஆள் தடுமாறுவார். அதனால் அங்கே என் கோப்புக்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன். லாகின் ஆனதும் ‘இன்புட்ஆர்சி’ என்ற சூழல் மாறியில் அந்தப் பெயரைக் கொடுத்து, புதிதாக ஒரு பேஷ் தொடங்குவேன். அதை மூடியதும் என் விசைகள் போய்விடும், பொது லாகின் பழையபடி இருக்கும்.