தியாகராய நகர் ஏரியும் தேவிகாபுரத்துக் கிணறும்

தேவிகாபுரத்தில் தறியிலிருந்து அறுத்த பட்டுச்சேலை ஆரணி வழியாகச் சென்னைக்குப் போய், தியாகராய நகர்க் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறது. நூறு வருஷத்துக்கு முன் அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் பெரும்பாலும் தண்ணீரில்தான் நின்றிருப்பீர்கள். மயிலாப்பூர்ப் பக்கமிருந்து நுங்கம்பாக்கம் வரை வளைந்து நீண்டு கிடந்த ஏரி அது. வெள்ளைக்காரர்கள் அதற்கு 'லாங் டேங்க்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1920களில் நீரை வடித்து, மண்ணைக் கொட்டி, மனை பிரித்தார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் அதே போல் தூர்ந்துபோன நுங்கம்பாக்கம் ஏரியில்தான்.

2019 கோடையில் அந்த நகரத்துக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஜூன் மாதம் தரைதட்டின. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர். ஊரே வேடிக்கை பார்த்தது. ஆனால் குடிநீர் வாரியம் அப்போது சுருக்கிச் சுருக்கிக் கொடுத்துக்கொண்டிருந்ததே நாளுக்கு 52.5 கோடி லிட்டர். ரயிலில் வந்தது அதில் அரை சதவீதம்கூட இல்லை. இதற்காக ஒதுக்கிய தொகை 65 கோடி ரூபாய். ஆரணிக்காரர்களுக்கு ஜோலார்பேட்டை எங்கோ இருக்கும் ஊர் அல்ல. அங்கேயும் வீட்டுக்கு வீடு குழாய் வழிந்துகொண்டிருக்கவில்லை. எங்கள் தண்ணீரை எடுத்துப் போகாதே என்று அந்தப் பக்கத்தில் எழுந்த குரல் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

சென்னை இந்த நிலைக்கு ஒரே கோடையில் வரவில்லை. 1772இல் கேப்டன் பேக்கர் என்பவர் வெட்டிய ஏழு கிணறுதான் கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்தது. ஊர் முழுக்க வீட்டுக்கிணறும் கோயில் குளமும் இருந்தன. பிறகு 1872இல், பிரேசர் என்ற பொறியாளர் போட்ட திட்டப்படி, கொசஸ்தலையாற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்துச் சோழவரம், செங்குன்றம் ஏரிகளுக்குத் திருப்பி, அங்கிருந்து திறந்த வாய்க்காலில் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீரை மணல் படுகையில் வடிகட்ட வேண்டும் என்பது நடைமுறைக்கு வர 1914 ஆயிற்று. அதுவரை நாற்பது வருஷம் வாய்க்காலில் வந்ததைத்தான் நகரம் குடித்தது. மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் தொடங்கிய பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் முடிந்தது. அவர் அதற்கு முந்தைய வருஷமே இறந்துவிட்டார்.

அதன் பின் கை நீண்டுகொண்டே போனது. வீராணம் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் எண்ணம் 1960களின் கடைசியில் பிறந்தது. அதற்காகச் செய்த பிரம்மாண்டமான குழாய்கள் பல வருஷம் சாலையோரம் கிடந்தன; ஆள் குடியிருக்கும் அளவுக்குப் பெரிய குழாய்கள். தண்ணீர் வந்தது 2004இல்தான், சுமார் 235 கிலோமீட்டர் கடந்து. கிருஷ்ணா நீருக்கு 1983இல் ஆந்திராவோடு ஒப்பந்தம் போட்டார்கள். முதல் சொட்டு பூண்டியைத் தொட்டது 1996இல். வருஷத்துக்கு 12 டி.எம்.சி. என்பது காகிதத்தில் உள்ள அளவு. ஆந்திராவின் கண்டலேறு அணை நிறைந்திருந்தால் வரும், இல்லாவிட்டால் கடிதம் மட்டும் போகும்.

இந்த வரலாற்றில் தேவிகாபுரம் படிக்க வேண்டிய பக்கம் மீஞ்சூர். சென்னைக்கு வடக்கே ஆரணியாறும் (நம்ம ஆரணி இல்லை, திருவள்ளூர் மாவட்டத்தது) கொசஸ்தலையாறும் ஓடும் மணற்பாங்கான பூமியில் நல்ல நிலத்தடி நீர் இருந்தது. 1960களிலிருந்து நகரத்துக்காகவும் ஆலைகளுக்காகவும் அங்கே போர் போட்டு இரவும் பகலும் இறைத்தார்கள். உள்ளே நல்ல நீர் குறையக் குறைய, கடல்நீர் அந்த இடத்தைப் பிடித்தது. 1960களின் முடிவில் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவில் இருந்த உவர், 1980களில் ஒன்பது கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்த கிணறு உப்புக் கரித்தது. இறைத்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள், விவசாயி எங்கே போவார்? 2010இல் அதே மீஞ்சூர்ப் பக்கத்தில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் திறந்தார்கள், நாளுக்கு 10 கோடி லிட்டர். மண் இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலையை மின்சாரம் கொட்டி இயந்திரத்தைக் கொண்டு செய்கிறோம்.

சட்டம் வந்ததும் கெட்ட பிறகுதான். சென்னைக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987இல் வந்தது. கிணறு தோண்டவும் லாரியில் தண்ணீர் ஏற்றவும் அனுமதி வேண்டும் என்றது. மாநிலம் முழுவதற்குமாக 2003இல் இயற்றிய இன்னொரு சட்டத்தை, முழுசாக நடைமுறைக்கு வராமலே, 2013இல் ரத்து செய்துவிட்டார்கள். ஆக, நம் பக்கத்தில் பக்கத்து மனைக்காரர் ஆயிரம் அடிக்குப் போர் இறக்கி உங்கள் கிணற்றை வற்றவைத்தால், 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் அவர் பக்கம்தான் பேசும். தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் நிலை. தண்ணீரை விற்பனைக்கு எடுக்கிறார், கம்பெனிக்கு எடுக்கிறார் என்றால் கதை வேறு. அதற்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று தேவை. சான்று இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சென்னை ஒரே ஒருமுறை தன் காலடியைப் பார்த்தது. 2003இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி, ஆகஸ்ட் 31 என்று கெடு வைத்தார்கள். திட்டினார்கள், ஆனாலும் செய்தார்கள். அடுத்த சில வருஷங்களில் கிணறுகளில் நீர் ஏறியது. 2005இல் கொட்டிய பெருமழைக்கும் அதில் பங்கு உண்டு. பிறகு வடிகட்டித் தொட்டிகளில் குப்பை அடைத்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை.

இனி நம் ஊர். பெரியநாயகி அம்மன் கோயிலின் கோபுரமும் கனககிரி மலையும் தெரியும் தூரம்வரை, வானம் பார்த்த பூமி. கமண்டல நாகநதியும் செய்யாறும் மழைக்கு மட்டும் ஆறுகள். ஏரி நிறைந்தால் கிணறு நிறையும், அவ்வளவுதான். பட்டுத்தொழிலோ தண்ணீரை நம்பிய தொழில். கச்சாப் பட்டில் உள்ள பசையைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து எடுக்க வேண்டும். நூலின் எடையில் நாலில் ஒரு பங்கு வரை அந்தத் தண்ணீரோடு போய்விடும். தண்ணீர் கடினமாக இருந்தால் சோப்பு நுரைக்காமல் திரிந்து நூலில் ஒட்டும், சாயம் சீராக ஏறாது. உப்புத்தண்ணியில் பட்டு மங்கும் என்பது சாயம் போடுகிறவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டிய விஷயம் அல்ல.

அந்தக் கொதிதண்ணீரும் சாயத்தண்ணீரும் பிறகு எங்கே போகின்றன என்பதில்தான் ஆபத்து. தெருக் காவாயில் விட்டால் ஏரிக்குப் போகும். குழியில் விட்டால் கிணற்றுக்குப் போகும். நிறம் தெரிந்தால்தான் கெடுதல் என்று நினைப்பது தவறு. உப்பும் சில உலோகங்களும் நிறமில்லாமலே இறங்கும். 1990களில் நூற்றுக்கு மேற்பட்ட சாயங்களை மத்திய அரசு தடை செய்தது, அவற்றில் பல புற்றுநோய் அச்சமுள்ள பென்சிடின் வகை. விலை மலிவு என்று பெயர் தெரியாத பொட்டலம் வாங்குவது, அதைக் கையால் கலக்குகிற தொழிலாளிக்குத்தான் முதல் கேடு.

சாயப்பட்டறைக்காரர்மேல் மட்டும் பழி போட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. திருப்பூரைப் பாருங்கள். நொய்யலில் சாயக்கழிவு கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே கழிவுத்தொட்டியானது. உழவர்கள் வருஷக்கணக்காக வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. உழவருக்கு நிலம் அப்படியே திரும்பவில்லை, தொழிலாளிக்கு வேலை போனது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்று சின்னச் சின்னப் பட்டறைகள் கூட்டாகக் கைத்தறித் துறையிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது, மூடும் உத்தரவு வந்த பிறகு ஓடுவதைவிட மலிவு.

குடிநீரில் பார்க்க வேண்டியவற்றில் கண்ணுக்குத் தெரியாதவை இரண்டு. புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை ஏறும், இன்னும் மிகக் கூடினால் காலப்போக்கில் எலும்பும் வளையும். நைட்ரேட் 45ஐத் தாண்டினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. இந்த இரண்டுக்கும் காய்ச்சிக் குடிப்பது மருந்தல்ல. காய்ச்சினால் தண்ணீர் வற்றி அளவு கூடத்தான் செய்யும். கிருமிக்குத்தான் காய்ச்சுவது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துத் தருவார்கள். ஊராட்சிகளுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி கொடுத்து, ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் ஏற்பாடு. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று விசாரியுங்கள். கேன் தண்ணி வாங்குகிறவர்கள் மூடியிலோ லேபிளிலோ தயாரித்த தேதியும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கிறதா பார்க்க வேண்டும். எண் இல்லாத கேன், யாரோ ஒருவர் வீட்டுப் போர்தான்.

அதே ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு, கிராமத்தில் ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது பதினைந்து லிட்டர் குடத்தில் பதினெட்டுக் குடத்துக்கு மேல். உங்கள் தெருக்குழாய் எத்தனை குடம் தருகிறது? சுத்தமான நீர் என்பது வாழ்வுரிமையின் பகுதி என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் பாலாற்றைத் தோல் ஆலைகள் கெடுத்த வழக்கில், 1996இல், கெடுத்தவரே இழப்பீடும் சீரமைப்புச் செலவும் தர வேண்டும் என்றது. அந்த வழக்கைத் தொடுத்தது வேலூரில் இருந்த ஒரு குடிமக்கள் நல அமைப்பு. இன்று நாடு முழுக்க மாசு வழக்குகளில் வேலூர் பெயர் சொல்லாத வழக்கறிஞர் இல்லை.

என் பார்வையில் சின்ன ஊருக்கு மிகவும் பொருந்துவது மத்தியப் பிரதேசத்து ரத்லாம் வழக்கு. திறந்த சாக்கடையும் ஆலைக் கழிவும் நாறிய தெருவில் குடியிருந்தவர்கள் பெரிய கோர்ட்டுக்குப் போகவில்லை, உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடம் பொதுத்தொல்லை என்று மனுக் கொடுத்தார்கள். சரிசெய் என்று உத்தரவானது. நகராட்சி, காசில்லை என்று உச்ச நீதிமன்றம்வரை போனது. 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், காசில்லை என்பது கடமையைத் தட்டிக்கழிக்கக் காரணம் ஆகாது என்று தீர்ப்பெழுதினார். அன்று அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆம் பிரிவு. கழிவுநீர் குடிநீர்க் குழாயடிக்கு வந்தால், கோட்டாட்சியரிடம் இந்தப் பிரிவைச் சொல்லி மனுக் கொடுக்கலாம். பெரிய அளவில் நீர்நிலை கெடுகிறது என்றால், சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். அங்கே ஆறு மாதக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் முதல் படி கிராமசபை. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று தண்ணீரைப் பற்றிக் கேட்டால் தலைப்பு அது இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மக்கள்தொகை 3,001இலிருந்து 10,000 வரை உள்ள ஊராட்சிக்கு 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். நெசவாளர்கள் தறியை விட்டு எழுந்தால் ஒரு நாள் கூலி போகும் என்பது தெரியும். வீட்டுக்கு ஒருவர் போதும். தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருந்தாலும் சபை கூடியாக வேண்டும். வாய்ப்பேச்சு தீர்மானம் ஆகாது. மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி, கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை முடிவு, எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர், இவற்றைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டும். தொட்டியில் தேதி எழுதும் இடம் காலியாக இருந்தால் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

அங்கே நடக்காவிட்டால் திங்கள்கிழமை திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். 1100க்குப் போன் போட்டால் புகார் எண் தருவார்கள். அந்த எண்ணைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நம் பிள்ளைகள் பாதிப்பேர் இப்போது ஒரகடத்திலும் சென்னையிலும் வாடகைக்கு இருக்கிறார்கள். வீட்டுக்காரர் வாடகைத் தகராறுக்காகத் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினால் அது சட்டப்படி தவறு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், தண்ணீர் உள்ளிட்ட அத்தியாவசிய வசதியை நிறுத்தக் கூடாது என்கிறது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்து வைத்திருந்தால் வேலை சுலபம்.

எதற்கும் பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் கேள்வியை எழுதி, பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். 'ஏன் தண்ணீர் வரவில்லை' என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். 'கடந்த ஓராண்டில் எங்கள் ஊராட்சியின் ஒவ்வொரு நீராதாரத்துக்கும் செய்த பரிசோதனை அறிக்கைகளின் நகல் வேண்டும்' என்று ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. அங்கே கேட்கும் முதல் கேள்வி, தபால் ரசீது இருக்கிறதா என்பதுதான்.