கறளும் கருக்கும்

இரும்பின் மேனியில் நீரும் காற்றும் கூடி விளைக்கும் கேட்டினை நம் நாட்டார் கறள் என்பர். தமிழகத்தார் துரு என்பர். பெயர் எதுவாயினும் செயல் ஒன்றே. எனினும், மண்வெட்டிக்கும் அலவாங்குக்கும் அது செய்யும் கேடு வேறு. நுண்ணிய கருக்கொன்றையே உயிராகக் கொண்ட சவரக்கத்திக்குச் செய்யும் கேடு வேறு.

இங்கிலாந்தின் ஷெபீல்ட், ஜேர்மனியின் சோலிங்கன் ஆகிய நகரங்களிற் செய்யப்பட்ட பழைய மடக்குச் சவரக்கத்திகள் ஏலங்களிலும் பழம்பொருட் கடைகளிலும் இன்றும் கிடைக்கின்றன. அவற்றை வாங்கித் திருத்திப் பயன்படுத்துவோர் பல நாடுகளில் உளர். அவருட் பலர் அலகிற் குழிகளைக் கண்டதும் இரண்டிலொன்று செய்கின்றனர். ஒன்று, பயனற்றதென எறிந்துவிடுகின்றனர். அன்றேல், குழி ஒன்றேனும் எஞ்சாதவாறு சுழற்சக்கரத்திற் பிடித்துத் தேய்த்துவிடுகின்றனர். இரண்டும் பிழை என்பதே நம் கருத்து.

முதலில் நோக்கவேண்டியது குழியின் ஆழமன்று, அது இருக்கும் இடமே. முதுகிலும் அலகின் நடுவிலும் உள்ள குழி கண்ணுக்குத்தான் குறை. மயிரை வெட்டும் தொழிலோடு அதற்குத் தொடர்பில்லை. கருக்கை அடுத்துள்ள குழியோ அவ்வாறன்று. தீட்டுந்தோறும் உருக்குத் தேய்ந்து கருக்கு உள்வாங்குமாதலின், இன்று சிறிது தள்ளியிருக்கும் குழி ஒருநாள் கருக்கிலேயே வாய்திறக்கும். அன்றியும், குழி பெரும்பாலும் வாய் சிறுத்து வயிறு பெருத்திருக்கும். மேலே கடுகளவு தோன்றுவது உள்ளே மிளகளவு பரந்திருத்தல் கூடும். ஆதலின், கடிகாரம் திருத்துவோர் கண்ணில் இடுக்கும் வில்லையைக் கொண்டு பார்த்தல் வேண்டும். கருக்கை மேல்நோக்கி விளக்கொளியிற் பிடித்தால், செம்மையான கருக்கு ஒளியைத் திருப்பாது. முறிந்த இடம் மட்டும் விண்மீன்போல் மின்னும். தீட்டிய பின்னும் அம்மின்னல் புதிது புதிதாய்த் தோன்றுமாயின், அவ்வலகைக் காட்சிப்பொருளாக வைத்துக்கொள்வதே தக்கது.

நிறமும் சான்று கூறும். செந்நிறத் தூளாய் உதிர்வது இன்னும் அரித்துக்கொண்டிருக்கும் கறள். அதனைத் தாமதமின்றி நீக்கல் வேண்டும். கரிய படலமாய் இறுகிப் படிந்ததோ பெரும்பாலும் அடங்கிவிட்டது. உலர்ந்த இடத்தில் எண்ணெய் பூசி வைத்தால் நெடுநாள் அவ்வாறே கிடக்கும்.

ஏட்டுச்சுவடி ஆராய்ந்தோர் இதனை எளிதில் உணர்வர். செல்லரித்த இடத்தை வெற்றிடமாக விட்டுக் குறியிடுவோர் ஒரு வகையினர். தம் சொல்லால் நிரப்பி, நூலைப் புதுக்கிவிட்டோமென மகிழ்வோர் மற்றொரு வகையினர். பின்னவர் கையிற் சிக்கிய சவரக்கத்திக்காக நாம் இரங்குகின்றோம். ஏனெனில், அலகின் அடித்தண்டிற் பொறித்த முத்திரை சுவடியின் இறுதிக் குறிப்பை ஒத்தது. 1624 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஷெபீல்ட் கத்தித் தொழிலாளர் கழகமே அங்கு முத்திரைகளை வழங்கிக் காத்துவந்தது. முத்திரையோடு 'இங்கிலாந்து' என்னும் நாட்டுப் பெயரும் காணப்படின், அக்கத்தி பெரும்பாலும் 1891 இற்குப் பிற்பட்டதெனக் கொள்ளலாம். பிறநாட்டுப் பொருள்கள் நாட்டின் பெயரைத் தாங்கிவருதல் வேண்டுமென 1890 இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சுங்கச் சட்டமே அதற்குக் காரணம். இத்தகைய சான்றினை ஒரு குழிக்காகத் தேய்த்தழித்தல் அறிவுடைமையாகுமா?

முத்திரையோடு கத்தியின் கணக்கும் கெடும். சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் கருக்கும் ஒருங்கே கல்லிற் படிந்திருக்கும். முதுகின் தடிப்பே கருக்கின் கோணத்தை அளந்து வைத்துள்ளது. அது பொதுவாக 16 முதல் 18 பாகை வரை. குழி நீங்க முதுகைத் தேய்த்தால் கோணம் குறுகிக் கருக்கு வலுவிழக்கும். சக்கரத்தின் வெம்மையோ இன்னும் கொடிது. மெல்லிய கருக்கு 300 பாகை செல்சியசை அணுகினால் நீலம் பாரிக்கும். உருக்குத் தன் வன்மையை இழந்துவிட்டதென்பதற்கு அந்நீலமே அடையாளம். நீலத்தைத் துடைத்துவிடலாம். இழந்த வன்மையை மீண்டும் உலையேற்றித் தோய்த்தாலன்றிப் பெறல் இயலாது.

கறள் ஏறாத உருக்கைத் தேடிய வரலாற்றில் நம்மவர் உருக்குக்கும் ஓர் இடமுண்டு. தென்னிந்தியாவிலிருந்து சென்ற உருக்கை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றனர். உருக்கு, உக்கு என்னும் நம் மொழியினச் சொற்களே அவ்வாறு திரிந்தன என்பர். இலண்டனிற் கத்திகள் செய்த ஜேம்ஸ் ஸ்ரோடாட் அவ்வுருக்கை வியந்து பயன்படுத்தியவர். அவரும் மைக்கேல் பரடேயும் சேர்ந்து, கூர்மையிற் சிறந்ததும் கறளுக்கு எளிதில் இடங்கொடாததுமான கலப்புருக்கு உண்டோவென ஆராய்ந்து 1820 இலும் 1822 இலும் கட்டுரைகள் வெளியிட்டனர். குரோமியத்தையும் கலந்து பார்த்தனர். கலந்த அளவு சிறிது. 1823 இல் ஸ்ரோடாட் மறைந்தார். ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம் கலந்த உருக்கை ஹரி பிறியர்லி ஷெபீல்டில் வார்த்தது 1913 இலேதான். அதற்கு முந்திய கத்திகள் யாவும் கறளுக்கு இரையாகும் காபன் உருக்கே.

திருத்தும் முறை எளிது, வேண்டியது பொறுமை. கருக்கை ஒட்டுநாடாவால் மூடி, எண்ணெய் இட்டுச் செங்கறளைத் துடைத்தெடுத்தபின், தக்கைத் துண்டிற் சுற்றிய மண்தாளை நீரில் நனைத்துக் கையாலேயே தேய்த்தல் வேண்டும். 400 ஆம் இலக்கத் தாளிற் தொடங்கி 600, 1000, 2000 எனப் படிப்படியாக ஏறுக. முத்திரையை அணுகாதீர். ஆழ்ந்த குழிகளை விட்டுவிடுக.

பிடியையும் மறத்தலாகாது. கறள் பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் செறிந்து, வெளிப்பகுதி தூயதாயிருப்பின் செலுலோயிட்டு ஐயத்துக்குரியது. பழைய செலுலோயிட்டு சிதையும்போது அமில ஆவியைக் கக்கி, தான் காக்கவேண்டிய அலகையே அரிக்கும். அத்தகைய பிடியைக் கழற்றி, கொம்பினாலோ மரத்தினாலோ வேறொன்று பொருத்துவது நன்று; கழற்ற மனமில்லாதோர் அக்கத்தியை ஏனைய கத்திகளோடு ஒரே பெட்டியில் வைத்தல் கூடாது.