12 ஆண்டும் ஒரு வாய்மொழி அனுமதியும்

குப்பனூரிலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் இருக்கிறது கொட்டச்சேடு. சுற்றிலும் காப்பித் தோட்டங்கள், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகள், தேக்கு மரக்காடு. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்தே இந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரம் வைத்திருப்பவர் எங்கோ இருப்பார். மண்ணைக் கொத்துகிறவர் இங்கே இருப்பார்.

“பின்னாடி சும்மா கிடக்கிற இடத்துல ஏதாச்சும் போட்டுக்கப்பா” என்று முதலாளி சொல்ல, “சரிங்க” என்று தொழிலாளி தலையாட்ட, அங்கே அவரைப் பந்தலும் மாட்டுக் கொட்டகையும் வந்துவிடும். இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிவிடும். தோட்டம் கைமாறும்போதுதான் கேள்வி எழும். “12 வருஷம் இருந்தாச்சுன்னா இடம் நம்முதுதானே?” என்று கேட்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது.

அந்தப் பேச்சு பாதி உண்மை. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில், 65ஆவது சட்டக்கூறின்படி, தன் நிலத்தை மீட்க விரும்பும் உரிமையாளர் 12 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். தவறினால் 27ஆவது பிரிவின்படி அவருடைய உரிமையே அற்றுப்போகும். ஆனால் அந்த 12 ஆண்டுகள் குடியேறிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அனுபவம் உரிமையாளருக்கு ‘எதிரிடையாக’ மாறிய நாளிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. வழக்கின் உயிர் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

எதிரிடை, பகைமை என்றதும் அடிதடி, வெட்டுக்குத்து, பேச்சு முறிவு என்றே நினைக்கத் தோன்றும். சட்டம் தேடுவது அதையல்ல. உரிமையாளரும் அனுபவிப்பவரும் தினமும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்கலாம். அப்போதும் அனுபவம் பகைமையானதாக இருக்கலாம். வாடகைத் தகராறில் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் வாடகைதாரரின் அனுபவம் பகைமையானதாக ஆகாது. வாடகையைப் பற்றிச் சண்டை போடும்போதே, எதிரில் நிற்பவர்தான் உரிமையாளர் என்று அவர் ஒப்புக்கொண்டுவிடுகிறார். பலவந்தமாக இல்லாமல், ஒளிவுமறைவாக இல்லாமல், யாருடைய அனுமதியின் பேரிலும் இல்லாமல் அனுபவிக்க வேண்டும் என்பது ரோமானியச் சட்டத்திலிருந்து வந்த பழைய அளவுகோல். இந்திய நீதிமன்றங்கள் இன்றும் அதைத்தான் கையில் எடுக்கின்றன.

கர்நாடக வக்ஃபு வாரிய வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம், எதிரிடை அனுபவம் கோருகிறவர் நிரூபிக்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தியது. எந்தத் தேதியில் அனுபவம் தொடங்கியது, அது எப்படிப்பட்ட அனுபவம், எதிர்த்தரப்புக்கு அது தெரியுமா, எவ்வளவு காலம் நீடித்தது, வெளிப்படையாகவும் இடையூறின்றியும் இருந்ததா? “தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம்” என்ற பதிலுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை.

கொட்டச்சேட்டின் தோட்டத் தொழிலாளிக்கு இடிவிழுவது இங்கேதான். முதலாளி அன்பாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தை, சட்டத்தின் கண்ணில் அனுமதி. அனுமதி இருக்கும்வரை பகைமை இல்லை. பகைமை இல்லாதவரை 12 ஆண்டுக் கணக்கு தொடங்குவதே இல்லை. கோவாவில் ஒரு வீட்டுக்காக உடன்பிறந்தவர்களுக்கு இடையே நடந்த வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது: காவலாளி, பராமரிப்பாளர், வேலைக்காரர் ஆகியோர் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் சொத்தில் உரிமை பெற மாட்டார்கள். பங்காளிகளுக்கும் ஏறத்தாழ இதே விதிதான். கூட்டுச் சொத்தை ஒருவர் மட்டும் உழுது வந்தால், அவர் எல்லாருக்காகவும் உழுவதாகவே கொள்ளப்படும். மற்றவர்களின் பங்கை வெளிப்படையாக மறுத்து அவர்களை விலக்கியதைக் காட்ட வேண்டும் என்று 1957லேயே தீர்ப்பு வந்துவிட்டது.

இந்தச் சட்டம் நியாயமானதா என்ற கேள்வி நீதிபதிகளையும் விடவில்லை. அடுத்தவர் நிலத்தில் அத்துமீறியவருக்குப் பரிசு கொடுப்பதுபோல் இருக்கிறதே, இதை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. மாற்றம் தேவையில்லை என்று 2023இல் சட்ட ஆணையம் தன் 280ஆவது அறிக்கையில் முடித்துவிட்டது. இடையில், 2019இல், எதிரிடை அனுபவத்தால் உரிமை பெற்றவர் தற்காப்புக்கு மட்டுமல்லாமல், தானே வாதியாக வழக்குப் போடவும் அதைப் பயன்படுத்தலாம் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

அரசு நிலம் என்றால் கெடு 12 அல்ல, 30 ஆண்டுகள். அதே அரசு குடிமகனின் நிலத்தைப் பிடித்துக்கொண்டு இந்த வாதத்தை எடுத்தால்? ஹிமாச்சலப் பிரதேசத்தில் ஒரு பெண்ணின் நிலத்தை 1967-68இல் இழப்பீடு கொடுக்காமலே சாலைக்காக எடுத்த அரசு, எதிரிடை அனுபவத்தால் நிலம் தனதாகிவிட்டது என்று வாதாடியது. அவர் எழுதப் படிக்கத் தெரியாத விதவை. உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது வயது 80. மக்கள்நல அரசு தன் மக்களின் சொத்தை இப்படிச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது என்று 2020 ஜனவரியில் நீதிமன்றம் சொல்லி, இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

சேர்வராயன் மலையின் மூத்த குடிகளான மலையாளிப் பழங்குடியினருக்குக் காட்டு நிலத்தைப் பொறுத்தவரை முற்றிலும் வேறொரு கதவு திறந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் பகைமை என்ற நிபந்தனையே கிடையாது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் வாழ்ந்து, பிழைப்புக்காகப் பயிரிட்டு வரும் பட்டியல் பழங்குடியினருக்கு, அனுபவத்தில் உள்ள நிலத்தில் 4 ஹெக்டேர் வரை, அதாவது ஏறத்தாழ 10 ஏக்கர் வரை, உரிமையை அது அங்கீகரிக்கிறது. யாரையும் எதிர்த்து இருந்ததாக அவர்கள் காட்ட வேண்டியதில்லை. அந்த மண்ணைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் போதும்.

தனியார் தோட்டத்துக்குள் வாழ்கிறவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் 12 ஆண்டுப் பேச்சை நம்பிக் காத்திருப்பதைவிட, வாய்மொழியாகக் கிடைத்ததைத் தோட்டம் கைமாறும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இலவசச் சட்ட உதவிக்குச் சேலத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காட்டு நிலத்தில் இருப்பவர்கள் மனுவைத் தங்கள் கிராம சபையில், வன உரிமைக் குழுவிடம் கொடுக்க வேண்டும்.