தண்டுவட மரப்பும் தமிழ் விளக்கமும்

வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழாக்கிக் கொண்டு, 1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த அடிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது மறைமலை நகர். அந்நகரவாசி ஒருவருக்குத் தம் வியாதியின் தன்மையைத் தமிழில் தெளிவாக அறிய வழியுண்டா என்று நாம் கேட்பது பொருத்தமற்றதாகாது.

‘மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ்’ என்னும் வியாதியையே குறிப்பிடுகிறோம். 1868-இல் பிரெஞ்சு வைத்தியர் ஷார்க்கோ இதனைத் தனி நோயாக விவரித்தார். தேகத்தைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முதுகுத்தண்டிலும் கண் நரம்பிலும் நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள உறையை அரிக்கிறது; வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்டோரை, அவர்களிலும் பெண்களை, இது அதிகமாகப் பற்றுகிறது. தொற்றுநோயன்று.

நம் சர்க்கார் ஏடுகளில் இதன் பெயர் ‘தண்டுவட மரப்பு நோய்’. தமிழ்ப் பெயர் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. எனினும், ஒரு கண்ணின் பார்வை மங்குவதே பலருக்கு முதற்குறி. அத்தகையவர், கண்ணுக்கும் தண்டுவடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று திகைக்கமாட்டாரா? பெயரோடு விளக்கமும் சேர்ந்து வரவேண்டும்.

விளக்கத்தின் அருமையைக் கத்திரி வெயில் காட்டும். உடற்சூடு ஏறினால் இந்நோயாளரின் பார்வை மங்கும், கால் தளரும், குளிர்ந்ததும் தெளியும். ஜெர்மானிய வைத்தியர் ஊட்ஹோஃபின் பெயரால் வழங்கும் உண்மை இது. புதிய சேதமன்று என்றறிந்தவர், ரயில் மேடையில் நிழல் தேடி அமர்ந்து, தண்ணீரால் முகம் நனைத்துக் கொள்வார். அறியாதவர் முடங்கிவிட்டோம் என்று வேலையையே விட்டுவிடுவார். இதற்கு மாறாக, ஜுரமின்றிப் புதிய குறியொன்று 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்குமாயின், தாமதமின்றி வைத்தியரிடம் செல்லவேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிது. ஆனால் யாரேனும் சொல்லியாகவேண்டும்.

அறிவூட்டினால் மட்டும் வாழ்வு செழித்துவிடுமென்று நாம் வாதாடவில்லை. இத்துறை ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2014-இல் வெளியான காக்ரேன் அறிக்கை, நோயாளரின் அறிவு பெருகியது, தீங்கேதும் நேரவில்லை என்றது. வாழ்க்கைத் தரத்தைப் பற்றித் தெளிவான முடிவு கூறவில்லை. மருந்தும் வேலையும் வருவாயும் கூடவே வேண்டுமல்லவா?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளுள் இதனையும் சேர்த்தது. ஆயினும், சில முக்கியச் சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு சான்றாக வேண்டும். இந்நோய் தரும் கடும் அயர்வு கண்ணுக்குத் தெரிவதில்லை. நடந்து வந்தவரின் அயர்வுக்கு எத்தனை சதவீதம் போடுவது? சான்றளிக்கும் வைத்தியர்களும் இதில் சிறிது பாடம் பெறவேண்டும்.

1985-இல் பம்பாயில் தோன்றிய இந்திய மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளையுண்டு. அச்சங்கமும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியும் கூடி, நான்கு பக்கத் தமிழ்ப் பிரசுரம் ஒன்றை எழுதி, நோய் இன்னதென்று தெரிவிக்கும் அன்றே நோயாளர் கையிலும் வீட்டார் கையிலும் கொடுக்க முன்வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.