மாலைப் பொழுதிற் கற்கும் பொறியியல்

பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைத்து, மாலையிற் கல்லூரி புகுந்து பொறியியற் பட்டம் பெறுவார் நம் நாட்டில் உளர். பஞ்சாலைகளும், பம்பு செய்யும் பட்டறைகளும், வார்ப்படச் சாலைகளும் மலிந்த கோயமுத்தூர் இதற்கு நல்லதொரு சான்று. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துப் பணியிலிருப்போர் ஆங்குப் பகுதிநேர பி.இ. வகுப்பிற் பயில்வர். காலம் மூன்றரை ஆண்டு, ஏழு பருவங்கள்.

இதன்கண் உள்ள இடர் யாது? உறக்கமின்மை என்பர் பலர். அதனினும் பெரிது கணிதமே. உருகிய இரும்பின் பதத்தைக் கண்ணாலேயே மதிக்கவல்ல ஒருவர், அதன் வெப்பம் அச்சினூடே பரவுமாற்றைச் சமன்பாட்டால் எழுதப் புகுங்கால் திகைக்கின்றார். முன் கற்ற நுண்கணிதம் பல்லாண்டு துருவேறிக் கிடந்ததன்றோ! ஆயினும் அது விளங்கியபின், வார்ப்பில் ஓரிடம் மட்டும் குழிவதன் காரணம் அவர்க்குப் புலனாகும். தடித்த பகுதி பிந்தி உறைந்து சுருங்குகின்றது. ஊட்டுதற்கு உருகிய உலோகம் ஆங்கு இல்லை. பகல் மாணவர்க்கு ஏட்டளவில் நிற்கும் இவ்வறிவு இவர்க்கு மறுநாட் காலையே பயன்படும். தமிழ் பயிலும் யானும் இப்பேற்றை எண்ணிப் பொறாமை கொண்டதுண்டு.

வகுப்பின்றித் தேர்வெழுதியே தகுதி பெறும் வழியும் ஒன்றுண்டு. 1920-இல் தோன்றிய இந்தியப் பொறியாளர் கழகத்தின் ஏ.எம்.ஐ.இ. தேர்வு அது. அதனைப் பி.இ. பட்டத்திற்கு நிகராக அரசு ஏற்றிருந்தது. எனினும் 2013 மே 31 வரை பதிந்தோர்க்கே அவ்வேற்பு உரியது. ஆதலின் எவ்வழியிற் சேரினும், பட்டத்தின் ஏற்பை முன்னரே வினவியறிக. ஷிப்டு மாற்றத்தை மேலாளரிடம் பேசி முடித்தலும் அத்துணை வேண்டுவதே. இரவுப் பணி மாறி மாறி வரின் வகுப்பு வருகை குறையும், குறையின் தேர்வெழுத விடார்.